வெப்ப வரைபடத்தின் பக்கத்தில் பதிவேட்டையும் வையுங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தருமபுரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் வணக்கம்.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். அதற்கு முன் பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரே மடலை இரண்டு ஆட்சியர்களுக்கு எழுதுவது வழக்கமில்லைதான். ஆனால் 2004 பிப்ரவரி 9 வரை நாம் ஒரே மாவட்டம். 1965-க்கு முன் இரண்டுமே சேலத்துக்குள் இருந்தவை. வெயிலுக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது. பழைய பதிவேடுகளைத் தேடினாலும் ஒன்று இங்கே இருக்கும், இன்னொன்று அங்கே இருக்கும். அதனால் இருவரும் சேர்ந்து படித்தால்தான் காரியம் ஆகும்.

நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரு மாவட்டங்களிலும் தரையில் எடுக்கப்பட்ட தினசரி வெப்பநிலைப் பதிவுகளை, எந்த இடத்தில் எந்தக் கருவியால் எடுத்தது என்ற விவரத்தோடு, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வையுங்கள். செயற்கைக்கோள் வரைபடத்தைப் பார்த்து எந்த முடிவெடுத்தாலும், அதை அந்தப் பதிவோடு ஒப்பிட்ட பிறகே எடுங்கள். வானிலைத் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம், மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் உங்கள் தலைமையில் இயங்குகிறது என்பதுதான்.

மாசி பங்குனி பிறந்தால் போதும், ஒரு படம் கைப்பேசிகளில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. மாவட்டம் முழுக்கச் சிவப்பு, நடுவில் கருஞ்சிவப்புத் திட்டுகள், ஓரத்தில் 48, 50 என்று எண்கள். 'பென்னாகரத்தில் 50 டிகிரி' என்று யாரோ தலைப்புப் போட்டிருப்பார்கள். அதே நாளில் சென்னை மண்டல வானிலை மையத்தின் அறிக்கையில் தருமபுரிக்கு 38 என்றோ 39 என்றோ இருக்கும். அரசு மறைக்கிறது என்று ஒரு கூட்டம் பேசும். செயற்கைக்கோளே பொய் என்று இன்னொரு கூட்டம் பேசும். இரண்டும் தப்பு. இரண்டு கருவிகளும் அளப்பது வேறு வேறு பொருள்.

வானிலை நிலையத்தில் வெள்ளையடித்த, காற்று புகும்படி சுற்றிலும் இடைவெளிவிட்டுச் சட்டங்கள் அடித்த மரப்பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள், தரையிலிருந்து ஆளின் நெஞ்சு உயரத்தில், வெயில் நேராகப் படாத இடத்தில் வெப்பமானி இருக்கும். அது காட்டுவது காற்றின் சூடு. செயற்கைக்கோளின் வெப்பப் படம் காட்டுவதோ தரையின் மேல்தோல் சூடு. தோசைக்கல்லின் சூட்டையும் அடுப்படிக் காற்றின் சூட்டையும் ஒன்றென்று யாரும் சொல்லமாட்டோம். காய்ந்த ஏப்ரல் மதியத்தில் உழுது போட்ட வெறும் மண், காற்றைவிட 15 டிகிரிக்கு மேலேயே சூடாக இருக்கலாம். ஆகவே 39-ம் சரி, 50-ம் சரி. அந்த 50-ஐ வெயில் அளவு என்று அறிவிப்பதுதான் தவறு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ஊர்களுக்கு இது மிக முக்கியம். கோடைப் பகலில் எடுத்த படத்தில் தருமபுரி நகரத்தைவிட அதைச் சுற்றியுள்ள மானாவாரி நிலம்தான் அதிகச் சிவப்பாகத் தெரியும். அறுவடை முடிந்த கேழ்வரகுக் காடு, சாமைக் காடு, ஈரம் வற்றிய செம்மண், வெட்டித் திறந்த கருங்கல் குவாரி எல்லாம் நன்றாகக் கொதிக்கும். நகரத்துக்குள் கொஞ்சம் மரமும் நிழலும் தண்ணீரும் இருப்பதால் படத்தில் அது சற்றே குளிர்ந்தாற்போலத் தெரியும். இந்தியாவின் வறண்ட பகுதி நகரங்கள் பலவற்றில் கோடைப் பகலில் இப்படித் தெரிவதை ஆய்வாளர்கள் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். இதை மட்டும் பார்க்கிற அதிகாரி, நகரத்தில் வெப்பப் பிரச்சினை இல்லை என்று கோப்பில் எழுதிவிடுவார். அதே இடத்தின் இரவுப் படத்தை எடுங்கள், கதை தலைகீழாகும். வெறும் மண் சீக்கிரம் ஆறிவிடும். கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகலில் குடித்த சூட்டை விடியும்வரை கக்கும். ஒற்றை அறை வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் படுத்திருப்பவருக்கு இரவுதான் கொடுமை. பகல் படத்தில் அந்த வீடு தெரியவே தெரியாது.

செயற்கைக்கோளின் நேரத்தையும் பார்க்க வேண்டும். அதிகம் பயன்படுத்தப்படும் நாசாவின் டெரா 1999 டிசம்பரிலும், அக்வா 2002 மே மாதத்திலும் ஏவப்பட்டவை. பகலில் ஒன்று காலை 10.30 வாக்கிலும் மற்றொன்று மதியம் 1.30 வாக்கிலும் நம் தலைக்கு மேல் கடக்கும்படி அமைக்கப்பட்டன. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். எரிபொருள் குறைந்துவிட்டதால் சில ஆண்டுகளாக இரண்டின் நேரமும் நகர்ந்துகொண்டிருக்கிறது. காலை வெயிலில் அரைமணி நேரம் முன்பின் ஆனாலே தரைச்சூடு டிகிரிக் கணக்கில் மாறிவிடும். அதைச் சரிசெய்யாமல் கோடு போட்டால், செயற்கைக்கோளின் நகர்வைக் காலநிலையின் நகர்வு என்று படித்துவிடுவோம். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படம் இதைவிட நுணுக்கமானது, வெப்பப் பட்டையில் 100 மீட்டர் வரை பார்க்கும். ஆனால் ஒரே செயற்கைக்கோள் அதே இடத்துக்குத் திரும்பிவர 16 நாள் ஆகும். அன்றைக்கு மேகம் மூடியிருந்தால் அதுவும் போச்சு.

மேகம் என்றதும் சொல்ல வேண்டியது: இந்த வெப்பப் படங்கள் மேகத்தை ஊடுருவா. நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு, இடையில் கோடைமழையும் உண்டு. மூட்டம் போட்ட குளிர்ந்த நாட்களெல்லாம் செயற்கைக்கோள் பதிவில் விடுபட்டுப்போகும். வருடச் சராசரி என்று அது தருவது உண்மையில் வெயிலடித்த நாட்களின் சராசரி. தரையில் இருக்கும் வெப்பமானி மூட்டம் போட்ட நாளையும் எழுதிவைக்கும்.

நீண்டகாலப் போக்கு என்று வரும்போது குழப்பம் இன்னும் கூடும். பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் மானாவாரி நிலமாக இருந்தது சொட்டுநீர் போட்டுத் தக்காளித் தோட்டமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். செடியிலிருந்து நீர் ஆவியாவதால் தரைச்சூடு குறையும், படத்தில் அந்தப் பகுதி 'குளிர்ந்துவருகிறது' என்று காட்டும். ஓசூர் பக்கம் ஏரிக்கரையோரம் மனைப்பிரிவு போட்டால் அங்கே 'வேகமாகச் சூடேறுகிறது' என்று காட்டும். இரண்டுமே உண்மை, ஆனால் அது நிலத்தில் நாம் செய்த மாற்றத்தின் கணக்கு. காற்று எவ்வளவு சூடேறியது என்ற கேள்விக்கு அதில் நேரடிப் பதில் கிடையாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் காற்றின் வெப்பத்தைத் தரையில் அளந்த பதிவு வேண்டும்.

செயற்கைக்கோள் வெப்பநிலை என்ற பெயரில் முற்றிலும் வேறொன்றும் உண்டு. 1978-இன் கடைசியிலிருந்து அமெரிக்கச் செயற்கைக்கோள்கள், காற்றிலுள்ள ஆக்சிஜன் வெளிவிடும் நுண்ணலையை அளந்துவருகின்றன. அதிலிருந்து தரைக்குச் சில கிலோமீட்டர் மேலே உள்ள தடிமனான காற்றடுக்கின் வெப்பத்தைக் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலான மேகங்கள் இதற்குத் தடையில்லை. அலபாமா பல்கலைக்கழகத்தின் ஹண்ட்ஸ்வில் குழுவும் ரிமோட் சென்சிங் சிஸ்டம்ஸ் என்ற குழுவும் இந்தத் தொடரைத் தனித்தனியாகத் தொகுக்கின்றன. ஹண்ட்ஸ்வில் குழு பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஓர் எண் தருகிறது. ஒரு கட்டம் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு கணக்கில் இரண்டரை டிகிரிக்கு இரண்டரை டிகிரி, அதாவது பக்கத்துக்குச் சுமார் 275 கிலோமீட்டர். அப்படி ஒரு கட்டத்தின் பரப்பில் நம் மாவட்டங்களைப் போலப் பல மாவட்டங்கள் அடங்கிவிடும். தென்னிந்தியா மொத்தமாக எப்படிப் போகிறது என்று பார்க்க இது நல்ல பதிவு. அரூருக்கும் தளிக்கும் என்ன வித்தியாசம் என்று இதனிடம் கேட்கக் கூடாது.

இந்தப் பதிவின் வரலாறு உங்கள் அலுவலகத்தில் தரவு பார்க்கும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 1990-களில் ஹண்ட்ஸ்வில் குழுவின் தொடர், தரை வெப்பமானிகள் சொன்னதற்கு மாறாக, லேசான குளிர்ச்சியைக் காட்டியது. தரைப்பதிவு நகரச் சூட்டால் கெட்டுவிட்டது, செயற்கைக்கோள்தான் சுத்தம் என்று பலர் வாதிட்டார்கள். 1998-இல் ரிமோட் சென்சிங் சிஸ்டம்ஸ் குழுவின் வென்ட்ஸ், ஷேபல் இருவரும் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்கள். மேல்காற்றின் இழுவையால் செயற்கைக்கோள்கள் மெல்லக் கீழே இறங்குகின்றன. அதைக் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்ததும் பத்தாண்டுக்கு 0.05 டிகிரி குறைவதாக இருந்த போக்கு, 0.07 டிகிரி கூடுவதாக மாறியது. 2005-இல் அதே குழுவின் மியர்ஸும் வென்ட்ஸும், கடக்கும் நேரம் நகர்வதற்கான திருத்தத்திலும் பிழை இருப்பதைக் காட்டினார்கள். இன்றும் இரு குழுக்களின் எண்களும் ஒத்துப்போவதில்லை. மூலம் அதே செயற்கைக்கோள்கள்தான், திருத்தம் வேறு. பல செயற்கைக்கோள்களை ஒட்டுப்போட்டு எடுத்த தொடர் இது, ஒரே வெப்பமானி அல்ல.

சரி, தரைப்பதிவு மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூரில் இருந்த தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டியது. நாடு முழுக்கச் செய்தியானது. பிறகு வானிலைத் துறையே ஆராய்ந்து, உணரி சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியிருக்கிறது என்று சொன்னது. பெட்டி இருந்த இடத்தின் பக்கத்தில் கட்டிடம் எழும்பினால், புல்தரை சிமெண்ட் தரையானால், பாதரச வெப்பமானியை எடுத்துவிட்டு மின்னணு உணரி வைத்தால், நிலையத்தையே ஊருக்கு வெளியே மாற்றினால், பதிவில் ஒரு குதிப்பு வரும். குதித்தது காலநிலை அல்ல.

அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பெரிய கணினிகூட வேண்டாம். தருமபுரியின் மாதச் சராசரியிலிருந்து திருப்பத்தூரின் மாதச் சராசரியைக் கழியுங்கள். சேலத்தோடும் அப்படியே செய்யுங்கள், பெங்களூரோடும் செய்யுங்கள். அனல்காற்றோ, பசிபிக் கடல் சூடாகும் எல் நினோவோ வந்தால் எல்லா ஊரும் சேர்ந்தே ஏறும், வித்தியாசம் பெரிதாக மாறாது. ஒரு குறிப்பிட்ட மாதத்திலிருந்து தருமபுரி மட்டும் அரை டிகிரி விலகி, அப்படியே நின்றுவிட்டால் அன்றைக்குப் பெட்டிக்கு ஏதோ நடந்திருக்கிறது. அது என்ன என்று தெரிய நிலையத்தின் வரலாறு வேண்டும்: எப்போது இடம் மாறியது, எப்போது கருவி மாறியது. எண்களை மட்டும் கொடுத்துவிட்டு இந்தக் குறிப்பைக் கொடுக்காவிட்டால் பாதி தரவுதான் கொடுத்ததாக அர்த்தம். அதனால்தான் மேலே 'எந்தக் கருவியால்' என்று சேர்த்துக் கேட்டேன்.

இப்போது நம் மேடுபள்ளத்துக்கு வருகிறேன். ஒகேனக்கல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 250 மீட்டர். தருமபுரி நகரம் 450 மீட்டருக்குச் சற்று மேல். ஓசூர் 900 மீட்டரை நெருங்குகிறது. தளி அதற்கும் மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும், காய்ந்த மதியத்தில் அதைவிடக் கூடுதலாகவே குறையும். ஆகவே ஒகேனக்கலும் ஓசூரும் நான்கு டிகிரி தள்ளி நிற்பது இயற்கை. இதில் 'மாவட்டச் சராசரி வெப்பநிலை' என்று ஓர் எண்ணைச் சொல்வதில் ஒரு பொருளும் இல்லை.

ஆனால் ஒவ்வொரு இடமும் தன் வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்தால் விஷயம் மாறிவிடும். 1991 முதல் 2020 வரையிலான சராசரியை அந்தந்த ஊருக்கு அடிப்படை அளவாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் எவ்வளவு, கீழ் எவ்வளவு என்று எழுதினால் மலையும் பள்ளமும் ஒரே தாளில் வரும். இந்த விலகல்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒன்றுபோலவே ஏறி இறங்கும். தரையையும் செயற்கைக்கோளையும் ஒப்பிடவும் இதுதான் முறை. 39-ஐயும் 50-ஐயும் பக்கத்தில் வைத்தால் சண்டைதான் மிஞ்சும். இரண்டின் விலகலையும் வைத்தால் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று தெரியும். பிரிகிற இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது. அங்கே நிலம் மாறியிருக்கும், இல்லையென்றால் கருவி மாறியிருக்கும்.

வானிலைத் துறை நாட்டை அட்சக்கோடு, தீர்க்கக்கோடு கணக்கில் ஒரு டிகிரிக் கட்டங்களாகப் பிரித்துத் தரும் வெப்பநிலைத் தரவு 1951 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஏன் பயன்படுத்தக் கூடாது என்று உங்கள் அலுவலர் கேட்கலாம். பயன்படுத்தலாம், வட்டாரப் போக்குக்கு. ஆனால் அதில் கட்டத்தின் எல்லை 78-ஆம் தீர்க்கக்கோட்டில் விழுகிறது. தருமபுரி நகரமும் கிருஷ்ணகிரி நகரமும் திருப்பத்தூரோடு கிழக்குக் கட்டத்தில் வருகின்றன. ஓசூரும் ஒகேனக்கலும் மேற்குக் கட்டத்தில், பெங்களூரோடு சேர்ந்துகொள்கின்றன. காவிரி பாயும் அந்தப் பாறைப் பள்ளத்துக்கும் பெங்களூரு மேட்டுக்கும் ஒரே எண்! வட்டாரப் பதிவை ஊர்ப் பதிவாகப் படித்தால் இப்படித்தான் ஆகும்.

இது ஏட்டுச் சண்டையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. சமவெளியில் வெப்ப அலை என்று பேசவே குறைந்தது 40 டிகிரி தொட வேண்டும் என்பது வானிலைத் துறையின் அளவுகோல். தருமபுரிப் பெட்டி 38.8 காட்டுகிற மதியத்தில், இருநூறு மீட்டர் கீழே ஒகேனக்கலில் மீன் வறுக்கும் பெண்ணும் பரிசல்காரரும் 40-ஐத் தாண்டிய காற்றில் நிற்பார்கள். நல்லம்பள்ளிப் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்பவருக்கு எவ்வளவு என்று எந்தப் பதிவிலும் இராது. அவர்களுக்கு ஏதாவது ஆகி, வழக்கு உங்கள் மேஜைக்கு வரும்போது நகரத்துப் பெட்டியின் எண்ணை வைத்தா முடிவெடுப்பீர்கள், கைப்பேசியில் வந்த சிவப்புப் படத்தை வைத்தா? இரண்டும் அவர் நின்ற இடத்தைச் சொல்லாது. ஒகேனக்கலில் ஒரு நிலையம், சில ஆண்டு ஒப்பீடு, நகரத்துக்கும் அங்குக்கும் எந்த மாதத்தில் எத்தனை டிகிரி என்ற ஓர் அட்டவணை. இவ்வளவு இருந்தால் போதும், பழைய நாட்களுக்கும் சேர்த்துக் கணக்கிட்டுவிடலாம்.

விவசாயத்துக்கும் இதே கதைதான். மா பூவெடுக்க மார்கழி, தை மாதத்து இரவுக் குளிர் வேண்டும். எங்கள் பெங்களூரா மரங்களுக்கு மதிய வெயிலைவிட விடியற்காலைக் குளிர்தான் கணக்கு. பட்டுப்புழு மனையில் 24 முதல் 28 டிகிரிக்குள் வைக்கப் பாடுபடுகிறவர்களைக் கேளுங்கள், இரவு எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் அவர்கள் கண் இருக்கும். குறைந்தபட்ச வெப்பநிலையின் நீண்ட பதிவு இருந்தால் பூ ஏன் தள்ளிப்போகிறது என்ற பேச்சை அனுமானத்திலிருந்து கணக்குக்குக் கொண்டுவரலாம். பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகம் வட்டாரந்தோறும் தானியங்கி நிலையங்களை வைத்திருக்கிறது. பெட்டிகள் இல்லாமல் இல்லை, பதிவுகள் ஒரே இடத்தில் இல்லை. ஓர் அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். எதற்கு என்றார்கள். சொன்னேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிப்போடுங்கள் என்றார்கள். வெயில் எவ்வளவு அடித்தது என்பதும் ரகசியமா?

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அவசரப்பட்டு யாரும் பத்தாண்டுக் கோட்டை வைத்து அறிக்கை எழுதிவிடக் கூடாது என்பதற்காக. ஓர் ஊரின் வருடச் சராசரி ஆண்டுக்கு ஆண்டு 0.4 டிகிரி அளவில் முன்பின் ஊசலாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டுப் பதிவில் போக்குக்கோடு போட்டால் அந்தக் கோட்டின் சாய்வில் வரும் பிழைவரம்பே பத்தாண்டுக்கு 0.4 டிகிரிக்கு மேல் வரும். நாம் தேடுகிற போக்கு அதில் பாதிகூட இருக்காது. முப்பது ஆண்டு இருந்தால் அந்தப் பிழைவரம்பு 0.1-க்குக் கீழே இறங்கும். வட்டாரச் சராசரி எடுக்கும்போது ஊசலாட்டம் அடங்கிவிடுவதால் போக்கு சீக்கிரம் தெரியும். மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது என்று சொன்னது நாடு முழுவதற்குமான நீண்ட பதிவால்தான். 2024-தான் 1901-க்குப் பிறகு நாட்டின் மிகச் சூடான ஆண்டு, வழக்கத்தைவிட 0.65 டிகிரி அதிகம். இதை அப்படியே பாலக்கோட்டுக்கு ஒட்டவும் முடியாது, பாலக்கோட்டில் ஒரு மார்கழி நடுக்கியதை வைத்து இதை மறுக்கவும் முடியாது. பதினைந்து ஆண்டுக்கு முன் வைத்த தானியங்கி நிலையம் ஒன்றின் கோடு மேலே போனாலும் கீழே போனாலும், பக்கத்து நீண்ட பதிவோடு சேர்த்துப் படிக்காதவரை அது சாட்சி ஆகாது.

ஆகவே நடைமுறைக்கு வருகிறேன். இரு மாவட்டங்களிலும் வருவாய், வேளாண்மை, தோட்டக்கலை, நீர்வளம், வனம் ஆகிய துறை அலுவலகங்களில் வெப்பநிலைப் பதிவேடு எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பிக் கேளுங்கள். கிருஷ்ணகிரி அணைப் பக்கமோ விதைப் பண்ணையிலோ அலமாரியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் இப்போது தெரியாது. கிடைத்த பக்கங்களைக் கரையான் முந்துவதற்குள் படமெடுத்து வையுங்கள். எண்களாகத் தட்டச்சு செய்ய அரசுக் கல்லூரி மாணவர்கள் வருவார்கள், என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வருவோம், சம்பளம் வேண்டாம். தருமபுரி வானிலை நிலையத்தின் பழைய தினசரிப் பதிவை வானிலைத் துறையின் புனே தரவு மையத்திலிருந்து மாவட்டத்தின் பெயரில் கேட்டு வாங்குங்கள். ஒரு தனி ஆள் கேட்பதற்கும் ஆட்சியர் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. அப்புறம், புதிதாகத் தானியங்கி நிலையம் வைக்கும் இடத்தில் பழைய கருவியை உடனே கழற்றிவிடாமல் இரண்டையும் ஓராண்டாவது பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடச் சொல்லுங்கள். இதற்குச் செலவே கிடையாது, ஆனால் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது.

அடுத்த கத்திரிக்கு முன் ஒகேனக்கலுக்கும் ஓசூருக்கும் தலா ஒரு பெட்டி, இரு மாவட்ட இணையதளங்களிலும் ஒரு பதிவிறக்கப் பக்கம். இவை இரண்டும் நடந்தால் மீதியை நாங்களே கணக்குப் போட்டு உங்களுக்கு அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
காவேரிப்பட்டணம் பகுதி மா விவசாயி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்